அசலை மறந்துவிட்டுப் போனவர்கள்

தராசு பிடித்துப் பழகிய கையில் இன்று தீர்ப்பையும் பிடித்திருக்கும் அவைத்தலைவர், மளிகைக்கடை வன்னியபெருமாள் அண்ணாச்சி அவர்களே! எனக்கு முன்னால் பேசி, “மாற்றினாலும் திருட்டு, பகிர்ந்தாலும் திருட்டு” என்று மேசையைக் குத்தி, எனக்கு வைத்திருந்த தண்ணீரையும் கொட்டிவிட்டு அமர்ந்திருக்கும் எதிரணித் தம்பி ரெக்ஸ் அவர்களே! விசிறியும் கையுமாக முன்வரிசையில் வீற்றிருக்கும் சீனித்தாய் அக்கா முதலான தாய்மார்களே! மில்லர்புரத்து மேன்மக்களே! மாப்பிள்ளையூரணியிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் பெரியோர்களே! “இந்த அம்மா எப்போது முடிப்பாள்” என்று பின்சுவரில் சாய்ந்தபடி மணி பார்க்கும் இளஞ்சிங்கங்களே! உங்கள் அத்தனை பேருக்கும் இந்தக் கிருபாபாயின் உப்புக்காற்று கலந்த வணக்கம்!

நான் யார்? கிருபா நகலகத்தின் உரிமையாளர். இந்த ஊரின் ஆதார் அட்டை, ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை, அத்தனையும் என் எந்திரத்தின் கண்ணாடிமேல் படுத்து எழுந்தவை. நகல் எடுத்தே பிழைக்கும் ஒருத்தியைத் தேடிப்பிடித்து, “விளையாட்டை மாற்றி நகலெடுத்துக் கொடுப்பது குற்றமில்லை என்று பேசுங்கள்” என்று மேடையேற்றியிருக்கிறார்கள். இந்த விழாக்குழுவின் புத்தியை நான் எப்படிப் புகழ்வேன்!

சீனித்தாய் அக்கா, புரியவில்லை என்று தலையாட்டுகிறீர்கள். சொல்கிறேன். கணினியிலும் போனிலும் ஆடுகிற விளையாட்டுக்குள் கைவைத்து, ஆளை மாற்றி, இடத்தை மாற்றி, குரலை மாற்றி, நம் விருப்பத்துக்கு ஆக்கினால் அதற்குப் பிள்ளைகள் “மோட்” என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அப்படி மாற்றியதை ஊருக்கெல்லாம் கொடுத்தால் அது திருட்டா, திறமையா? இதுதான் இன்றைய வழக்கு.

இந்த வழக்கில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. “சலாபம்” என்று ஒரு விளையாட்டு. சலாபம் என்றால் முத்துக்குளிப்பு என்று இந்த ஊரில் நான் சொல்லவேண்டியதில்லை. பின்சுவர்த் தம்பிகளுக்காகச் சொல்லிவைக்கிறேன். படகிலிருந்து கடலுக்குள் குதிக்க வேண்டும். சிப்பி பொறுக்க வேண்டும். மூச்சு முட்டினால் கயிற்றை இழுக்க வேண்டும். மேலே படகில் ஒருவர் கயிறு பிடித்திருப்பார். அவர் நம்மைத் தூக்கிவிடுவார். என் கொழுந்தன் ஃபிராங்க்ளின் காசு கொடுத்து ஒன்றே ஒன்று வாங்கினான். யார் செய்த விளையாட்டு அது? முகப்பில் பெயர் போட்டிருந்தது. அந்தப் பெயரைத் தாண்டிப் போகிற பொத்தானும் பக்கத்திலேயே இருந்தது. நாங்கள் பொத்தானைத்தான் பார்த்தோம்.

ஃபிராங்க்ளின் கைவைத்தான். பெயரில்லாத அந்தக் கடல் நம் தூத்துக்குடிக் கடல் ஆயிற்று. தூரத்தில் துறைமுகத்துக் கிரேன்கள் தலைநீட்டின. மூச்சு போதவில்லையா? நம் ஊர் முந்திரி மக்ரூன் ஒன்றைக் கடித்தால் இன்னும் கொஞ்ச நேரம் உள்ளே இருக்கலாம்! ஆனால் கயிறு பிடிக்கிற மனிதர் மட்டும் வாயே திறக்காத ஊமையாக நின்றார். “மைனி, இவருக்கு ஒங்க குரலைக் குடுங்க” என்றான். நம் ஊரில் வாய்க்கா பஞ்சம்? கொடுத்தேன்.

“ஏலே! மூச்சு முட்டுதுன்னு தெரியுதுல்லா? மேல வாலே! சிப்பி எங்கனயும் ஓடிராது!”

அவ்வளவுதான்! பற்றிக்கொண்டது ஊர்! என்னிடம் திட்டு வாங்குவதற்கென்றே வேண்டுமென்று மூழ்கினார்கள். கடைக்கு வருகிறவர்கள், “எக்கா, ஆதார் ரெண்டு காப்பி, சலாபம் ஒண்ணு” என்று கேட்டார்கள். நானும் அள்ளி அள்ளிக் கொடுத்தேன். பென்டிரைவில் கொடுத்தேன், போனில் கொடுத்தேன், முழு விளையாட்டையும் முழுசாகக் கொடுத்தேன். ஒரு பைசா வாங்கினேனா? இல்லை. பிறகெப்படி அது திருட்டாகும் என்று நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

யாரது கைதட்டுவது? பொறுங்கள் தம்பி. அந்தக் கையை இன்னும் கொஞ்ச நேரத்தில் எங்கே ஒளித்துவைப்பீர்கள் என்று பார்க்கிறேன்.

ஒருநாள் ஃபிராங்க்ளின் முகம் வெளுத்து வந்தான். நாகர்கோவிலில் நேசக்குமார் என்று ஒருவன், நாங்கள் மாற்றியதை மேலும் மாற்றிவிட்டான். என் குரல் போயிற்று! கயிறு பிடிக்கிற இடத்தில் அவன் பெண்டாட்டி பேசுகிறாள். முகப்பிலே, “ஆக்கம்: நேசக்குமார்.” எனக்கு வந்ததே கோபம்! என் குரலை, நான் தொண்டை கிழியப் பேசிய குரலை, துடைத்தெறிய இவன் யார்? எண்ணைத் தேடி எடுத்தேன். போனைப் போட்டேன்.

“ஏலே, எங்க வேலையில கைவைக்க ஒனக்கு யாருலே உரிமை தந்தா? இது திருட்டுல்லா?”

அவன் பதறவில்லை. “எக்கா, நான் எங்க திருடுனேன்? இருந்ததைக் கொஞ்சம் மாத்தினேன், நாலு பேருக்குச் சும்மா குடுத்தேன். நீங்களும் அதைத்தானே செஞ்சிய?” என்றான்.

பெருமக்களே, பேச்சுக்கு ஒரு பரிசு, பாட்டுக்கு ஒரு பரிசு என்று வாங்கிக் குவித்த இந்த நாக்கு அவனுக்கு என்ன பதில் சொன்னது தெரியுமா? “போனை வைலே” என்றது.

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். இனி சொல்லப்போவதற்கு எனக்கே சிரிப்பு வரவில்லை.

அதற்கு அடுத்த திங்கட்கிழமை, கடையில் நல்ல கூட்டம். ஒரு பெண் வந்தாள். “பத்து காப்பிக்கா” என்று ஒரு தாளை நீட்டினாள். வேலைக்கு விண்ணப்பிக்கிற பயோடேட்டா. கண்ணாடிமேல் வைக்கும்போது கண் தானாகவே படித்தது, தொழில் பழக்கம். பெயர், ஜெமிமா. ஊர், சாகுபுரம். தொழிற்சாலை அலுவலகத்தில் ஐந்து வருட வேலை. அதை விட்டுவிட்டு மூன்று வருடம், தன்னந்தனியாக, ஒரு விளையாட்டு உருவாக்கியிருக்கிறாள். விளையாட்டின் பெயர், சலாபம்.

“ஏளா, இது நீ செஞ்சதா?” என்று கேட்டேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“எக்கா, இந்தக் குரல்... கயிறு பிடிக்கது நீங்களா?”

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் சொன்னாள்: “அந்தக் கயித்துக்காரர் என்ன பேசுவாருன்னு எனக்குத் தெரியல, அதான் ஊமையா விட்டேன். நீங்க பேசினது நல்லாயிருக்குக்கா. ஒரு வார்த்தை எங்கிட்ட கேட்டிருக்கலாம்.” பிறகு சொன்னாள், “ரெண்டாம் பாகம் பாதி முடிச்சிருக்கேன். இனி முடிக்க மாட்டேன். ஊரே வெளையாடுது, ஆனா வாங்க ஆளில்ல. ஆபீஸ் வேலைக்கே போயிருதேன்.”

பத்து நகலையும் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அடுத்தவருக்கு நகலெடுக்க மூடியைத் தூக்கினேன். அடியிலே அவள் தாள் கிடந்தது. அசல்!

என் தொழிலில் இது தினமும் நடப்பதுதான். நகலை எண்ணி வாங்கிக்கொள்வார்கள், அசலை எந்திரத்துக்குள் விட்டுவிட்டுப் போவார்கள். அப்படி விட்டுப்போனவற்றைப் போட்டுவைக்க ஒரு பிஸ்கட் டின்னே வைத்திருக்கிறேன். எத்தனை பேருக்கு “அண்ணாச்சி, அசலை விட்டுட்டுப் போறியளே” என்று தெருவில் இறங்கிக் கத்தியிருக்கிறேன்! அன்றைக்கு அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெட்கப்பட்டேன். ஊருக்கெல்லாம் நகல் கொடுத்தவள், அசலையும் அதைச் செய்தவளையும் மறந்துபோனவள், நான்தானே?

ஆகவே அவைத்தலைவர் அவர்களே, என் அணிக்கு நான் துரோகம் செய்யப்போகிறேன். மாற்றுவது குற்றமா? இல்லை, ஆயிரம் முறை இல்லை! ஃபிராங்க்ளினின் மக்ரூன் அவனுடையது, என் வசவு என்னுடையது. அவற்றைத் தனியாக எடுத்து, “அசலை வாங்கியவர்கள் இதை மாட்டிக்கொள்ளுங்கள்” என்று கொடுத்திருந்தால் எங்களுக்கு மாலையே போடலாம். ஆனால் அந்தக் கடல் யாருடையது? அந்தப் படகு யாருடையது? அந்தக் கயிறு, அந்த மூச்சு, மூன்று வருட உழைப்பு யாருடையது? அத்தனையையும் மக்ரூனோடு சேர்த்துப் பொட்டலம் கட்டி ஊருக்கு வழங்கினோமே, அது திருட்டு! காசு வாங்காத திருட்டு, சிரித்துக்கொண்டே செய்த திருட்டு, ஆனாலும் திருட்டு!

தம்பி ரெக்ஸ், ரொம்பக் கைதட்டாதீர்கள். போன செவ்வாய்க்கிழமை பென்டிரைவோடு என் கடை வாசலில் நின்றது யார்? அண்ணாச்சி மணியடிக்கிறார், நேரம் முடிந்ததாம். அடியுங்கள் அண்ணாச்சி! கல்லாவில் உட்கார்ந்து நீங்கள் முத்துக்குளிப்பது ஊருக்கே தெரியும். நேற்று சீனி கேட்டவருக்கு உப்பு கட்டிக்கொடுத்தீர்களாமே!

நேற்றிலிருந்து என் கடையில் முழு விளையாட்டு கிடையாது. என் குரலும் மக்ரூனும் மட்டும் தனியே கிடைக்கும். சலாபம் வேண்டுமா? சலாபம் செய்தவளிடம் வாங்குங்கள். தாளிலிருந்த எண்ணுக்குப் போன் போட்டு நான்தான் வரச்சொன்னேன்; அவள் மூன்றாம் வரிசையில், நீலச் சேலையில் உட்கார்ந்திருக்கிறாள். ஏளா ஜெமிமா, எந்திரி! ரெண்டாம் பாகத்துலயும் கயிறு பிடிக்க ஆள் வேணும்லா? இந்தத் தடவ கேட்டுட்டே வாரேன். நான் பேசட்டுமா?

என்ன? சத்தமாச் சொல்லு... “மொதல்ல என் பேப்பரைத் தாங்கக்கா” என்கிறாள்!

வா, மேலே வா. இதோ உன் அசல்.

வாங்கிவிட்டாள். பாருங்கள், கிழிப்பாள் என்று நினைத்தேன். கிழிக்கவில்லை. நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டாள். அதை அவள் கிழிப்பதும் அலுவலகத்துக்கு அனுப்புவதும் இனி என் பேச்சில் இல்லை, அன்பர்களே. உங்கள் கையிலிருக்கும் போனில் இருக்கிறது.

முத்துக்குளிக்கும் அவைத்தலைவர் அவர்களே, பென்டிரைவுத் தம்பி அவர்களே, என்னோடு சேர்ந்து களவாண்ட தாய்மார்களே, பெரியோர்களே! இவ்வளவு நேரம் என் குரலுக்குக் காது கொடுத்தீர்கள், அதுவும் அசல் குரலுக்கு. நன்றி! வீட்டுக்குப் போகும் வழியிலேயே வாங்கிவிடுங்கள். வணக்கம்!