ரெண்டு வருசம் கடிக்காத புழுக்கொடியல்

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குப் போகும் பஸ்ஸில், மகளை யன்னலோரம் இருத்தியிருந்த ஒரு தாய் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னார்:

“ரெண்டு வருசமா எங்கடை வீட்டிலை ஒருத்தரும் புழுக்கொடியல் கடிக்கேல்லை.”

“ஏனக்கா?”

“இவளின்ரை பல்லுக்குக் கம்பி போட்டது. இறுகின சாமானைக் கடிச்சாக் கம்பி கழண்டிடும் எண்டு டொக்டர் சொன்னவர். இவள் பாத்துக்கொண்டிருக்க நாங்கள் எப்பிடித் தின்னுறது? இண்டைக்குத்தான் கழட்டினவர்.”

“என்ரை மகனுக்கும் போடவேணும். நோகுமோ?”

“முதல் கிழமை கஞ்சிதான். பிறகு பழகியிடும்.”

“கழட்டினாப் பிறகு பல்லு ஆடாதோ?”

தாய் பையிலிருந்து, அவித்துக் கல்லுப்போலக் காயவைத்த அந்தப் பனங்கிழங்குத் துண்டொன்றை எடுத்து மகளிடம் நீட்டினார்.

அவள் கடித்த சத்தத்தில் டிரைவரும் திரும்பிப் பார்த்தார்.

“அன்ரி, சத்தம் கேட்டதோ?” என்றாள் மகள், வாய் நிறையக் கிழங்கோடு.