திரியாத பால்

எனக்கு எதையும் வீணாக்குவது பிடிக்காது, சார். பெயர் எழுதிக்கொண்டீர்களா? அஞ்சலாட்சி, வயது ஐம்பத்திரண்டு, உழவர்கரையில் குழந்தைகள் காப்பகம். அதற்கு முன் இருபது வருடம் ஒரு பால் பண்ணையின் ஆய்வகத்தில் உதவியாளர். அதையும் சேர்த்து எழுதுங்கள். இந்தக் காலத்தில் அனுபவத்தை யார் மதிக்கிறார்கள்?

காலையில் தாய்மார்கள் தங்கள் பாலை எடுத்து, பாட்டிலில் பெயர் ஒட்டி என்னிடம் கொடுத்துவிட்டு வேலைக்கு ஓடுவார்கள். தாய்ப்பால் தங்கம் என்கிறார்கள் டாக்டர்கள். மே மாதத்தில், கரண்ட் போன மதியத்தில் அந்தத் தங்கம் எப்படி நாறும் என்று ஒரு டாக்டரும் வந்து முகர்ந்து பார்த்ததில்லை. ஒருநாள் ஒன்பது பாட்டிலும் கெட்டுப்போனது. நேரு வீதித் துணிக்கடையில் வேலை பார்க்கும் லினெட், "உங்கள நம்பித்தான ஆன்ட்டி குடுத்துட்டுப் போறேன். எவ்ளோ வலியோட எடுத்த பாலு தெரியுமா?" என்று வாசலில் நின்று அழுதாள். தெருவே பார்த்தது. எனக்கு அவமானமாகப் போய்விட்டது.

பண்ணையில் சோதனைக்கு எடுத்த பால் திரியாமலிருக்க ஃபார்மலின் விடுவோம். பிணம் கெடாமலிருக்கவும் அதுதான், தெரியும். சோதனை முடிந்ததும் அந்தப் பாலை யாரும் குடிக்காமல் கொட்டிவிடுவோம், அதுவும் தெரியும். ஆனால் வாரக்கணக்கில் அப்படியே இருக்கும், பார்க்கவே அழகு. பழைய புட்டி ஒன்று என் பீரோவில் இருந்தது. பாட்டிலுக்கு ஒரு சொட்டு, அவ்வளவுதான்.

அதன்பிறகு இரண்டு மாதம் ஒரு பாட்டில்கூட வீணாகவில்லை. "ஆன்ட்டிக்குக் கைராசி" என்று இன்னொரு தாய் நிர்மலா, தனக்குத் தெரிந்தவர்களின் பிள்ளைகள் நாலு பேரைச் சேர்த்துவிட்டாள். பிள்ளைகள் கொஞ்சம் வாந்தி எடுத்தன. பல் முளைக்கிற வயசு, எதற்குத்தான் எடுக்காது? லினெட்டின் மகன் கிளாட்வின் மட்டும் பாட்டிலைக் கண்டாலே முகத்தைத் திருப்பினான். ஐந்து மாதத்தில் அத்தனை பிடிவாதம். கன்னத்தை அழுத்தி ஊட்டினேன். பொறுப்பு என்று ஒன்று இருக்கிறதல்லவா.

அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று லினெட் போன் செய்தாள்.

"ஆன்ட்டி, பாலுல எதுனா கலந்தீங்களா? டாக்டர் கேக்குறாரு. மறைக்காம சொல்லுங்க, நான் கோவப்பட மாட்டேன்."

பதறுகிற தாய்க்கு ஆறுதல் சொல்வதுதானே பண்பு. "உன் பாலுதாம்மா. அதுல நான் என்னாத்தக் கலக்கப்போறேன்?" என்றேன். மறுநாளும் கேட்டாள். மறுநாளும் ஆறுதல் சொன்னேன். மூன்றாம் நாள் அவள் கேட்கவில்லை. சவப்பெட்டி, மடியில் வைத்துக்கொள்கிற அளவுதான். நானும் மாலை வாங்கிக்கொண்டு போனேன். என்னைக் கட்டிக்கொண்டுதான் அழுதாள், பாவம். உண்மையாகவே எனக்கும் அழுகை வந்தது.

என் மகள் ஹேமலதாவின் பிள்ளையும் அதே காப்பகத்தில்தானே வளர்கிறது, அதற்கு மட்டும் எப்படி ஒன்றும் ஆகவில்லை என்று கேட்கிறீர்கள். அந்தப் பாட்டிலில் நான் விடவில்லை, சார். கரண்ட் போனால் அந்தப் பாலைக் கொட்டிவிட்டு, ஹேமலதாவை ஆபீஸிலிருந்து வரச்சொல்லி நேராகக் கொடுக்கவைப்பேன். இதில் என்ன ஆச்சரியம்? சொந்தப் பேத்திக்குப் போய் அதைக் கொடுக்க யாருக்கு சார் மனசு வரும்?