மாறாத பஞ்சாங்கம்

கணினி எங்கள் வீட்டுக்கு வந்தது ஆடியிலா ஆவணியிலா என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அன்று மழை பெய்ததாக ஞாபகம். ஆனால் எனக்கு ஞாபகம் வருகிற நாள்களில் பாதிக்கு மேல் மழை பெய்கிறது. அதனால் அதை நம்ப வேண்டாம். மற்றதைச் சரியாகவே சொல்வேன்.

காபி ஆறுகிறது. குடிக்காவிட்டாலும் பரவாயில்லை. அக்காவின் கணவர் என்ற முறையில் உங்களை நான் அத்திம்பேர் என்று கூப்பிட வேண்டும். வாயில் வரவில்லை, ஐசக் என்றே சொல்கிறேன். நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. பத்மஜா ஆபரேஷனுக்குப் போகும் முன் அவளுடைய வலைப்பக்கத்தில் கடைசியாகப் படித்த அந்த வரியை எழுதியது எங்கள் அப்பாதானா என்று. ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். நான் எப்படிப்பட்டவன் என்று தெரியாமலே போய்விடுவீர்கள்.

அக்கா உங்களைக் கல்யாணம் செய்துகொண்ட செய்தி வந்த அன்று அப்பா கிணற்றடியில் நின்று தலை முழுகினார். செத்துப்போனவளுக்குச் செய்வது போலவே. என்னையும் முழுகச் சொன்னார். பிறகு பெருமாள் முன்னால் உட்காரவைத்து, இனி அவளோடு பேச மாட்டேன், அவள் பேரைச் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வாங்கினார். எனக்கு சைக்கிள் விடக் கற்றுக்கொடுத்தவள் அக்கா. திருப்புலிவனம் சாலையில் பின்னாலேயே ஓடி வருவாள், கையை எப்போதோ எடுத்திருப்பாள், எடுத்தது எனக்குத் தெரியாது. அதையெல்லாம் அப்பாவிடம் சொல்லவில்லை. சத்தியம் செய்தேன்.

அம்மா போன அன்று நீங்கள் இருவரும் வந்தீர்கள். உங்களுக்கு நினைவிருக்கும். வாசலை மறித்து நின்றவன் நான். "இங்கே அப்படி யாரும் இல்லை" என்று சொன்னவன் நான். அப்பா உள்ளே அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து என்ன சொல்லச் சொன்னாரோ அதைச் சொன்னேன். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தெருமுனை வரை நடந்து போய் அங்கேயே, அம்மாவைத் தூக்குகிற வரை நின்றாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்து வலித்தது என்பது மட்டும் நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். அப்பா சுந்தரவரதன் வாத்தியார், நான் பார்த்தா, காவாந்தண்டலத்தில் பள்ளிக்கூட எழுத்தர். பெங்களூரில் ஒரு வேலை வந்தது, போகவில்லை. பெண் பார்த்தார்கள், அக்கா கதை தெரிந்ததும் விட்டார்கள். மாலையில் இருவரும் ஆளுக்கொரு தூணில் சாய்ந்து உட்கார்ந்திருப்போம். பேச்சே இருக்காது. அந்த மௌனம் எனக்குப் பிடித்திருந்தது. இருவரும் ஒரே விஷயத்தைப் பற்றிப் பேசாமல் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கணினி வாங்கியது அவருடைய பொழுதுக்காக. உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த கலைச்செல்வன்தான் கொண்டுவந்து பூட்டினான். அப்பாவுக்கு முகவரி அடித்துத் தளங்களுக்குப் போக வராது. பிடித்தமான தளங்களைத் திரையிலேயே சின்னப் படங்களாக வைத்துக் கொடுத்தான். எப்படி என்று எனக்கும் காட்டினான். "மேல அட்ரஸ் பக்கத்துல பூட்டு மாதிரி ஒண்ணு கீது பாரு சார். அத்த மவுசால புடிச்சி இஸ்துகினு வந்து வெளிய வுட்டா முடிஞ்சிது. அப்பால பேரு இன்னா வேணா வச்சிக்கலாம்."

திரையில் மூன்று படங்கள் இருந்தன. செய்தி, கோயில், பஞ்சாங்கம். அப்பா காலையில் சந்நிதிக்குப் போய்ச் சேவித்துவிட்டு வந்து, காபி குடித்து, நேராகப் பஞ்சாங்கத்தைத் திறப்பார். நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது கதவைச் சாத்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார். திதி, நட்சத்திரத்தில் அவருக்கு இருந்த அக்கறையை எண்ணி எனக்கு மரியாதைதான் வந்தது.

அம்மாவின் சிராத்தத் திதி எந்த நாளில் விழுகிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. அப்பா வீட்டில் இல்லை. நானே பஞ்சாங்கத்தைத் திறந்தேன்.

அடுப்பு ஒன்று வந்தது. மேலே 'பத்மஜா தளிகை' என்று எழுதியிருந்தது. கரண்டி பிடித்த கையின் மணிக்கட்டில் பழைய சூட்டுத் தழும்பு. அந்தத் தழும்பு எங்கள் வீட்டு அடுப்பில் பட்டது. ஒவ்வொரு சமையல் குறிப்பின் அடியிலும் 'உத்திரமேரூர் வாசகர்' என்ற பெயரில் ஒருவர் ஒரே வார்த்தையை எழுதியிருந்தார். 'படித்தேன்.' அதன் கீழ் அவள் பதில். 'நன்றி ஐயா. முழங்கால் வலி தேவலையா?' வேறொன்றில், 'ஐயா, மழையில் கோயிலுக்கு நடக்க வேண்டாம்.' கீழே போகப் போக அப்படியே இருந்தது. நான் நிறுத்துகிற வரை இருந்தது.

அவர்கள் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். பேசாமல் இருந்தது நான் மட்டும்.

அன்று சாயங்காலம் கலைச்செல்வன் கடைக்குப் போனேன். அவன் மறைக்கவில்லை. "பெரிய சாமிதான் கேட்டாரு சார். பேரு மட்டும் பஞ்சாங்கம்னு வையிடான்னாரு. இன்னா சாமி, பஞ்சாங்கத்துல சாம்பார் வாசன அடிக்குதேன்னேன். அவரு சிரிக்கல. புள்ளைக்குத் தெரிஞ்சா மனசு ஒடஞ்சிடுவான்டா, எனக்காக எல்லாத்தையும் வுட்டவன், சொல்லிடாதன்னாரு." நீங்க சொல்லிக்காட்டிடாதீங்க சார் என்று என்னையும் கேட்டுக்கொண்டான். நான் சொல்லிக்காட்டவில்லை. கடைசிவரை அப்பாவிடமும் அதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை.

நான் என்ன செய்தேன் என்றால், மறுநாள் அவர் கோயிலுக்குப் போனபோது அந்தப் பக்கத்தை அப்படியே கணினிக்குள் ஒரு நகலாகச் சேமித்தேன். திரையில் இருந்த பழைய சின்னப் படத்தை எடுத்துவிட்டு, அந்த நகலுக்கு ஒன்று செய்து, அதே இடத்தில் வைத்து, அதே பெயரைக் கொடுத்தேன். இனி அதை அழுத்தினால் பத்மஜாவின் பக்கம் திறக்காது. அந்தக் காலையில் அது இருந்த கோலம் திறக்கும். அன்றைக்கு மேலே இருந்தது சாத்தமுது. உங்கள் வீட்டுக்கு வந்தும் ரசம் என்று எழுதாமல் சாத்தமுது என்றே எழுதிக்கொண்டிருந்தாள்.

இதில் நான் எதையும் அழிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவள் பக்கம் அது இருந்த இடத்தில் இருந்தது. அப்பா முகவரியை அடித்திருந்தால் போயிருக்கலாம். வழியை மட்டும் கொஞ்சம் மாற்றி வைத்தேன். படத்தை எடுத்திருந்தால் கேட்டிருப்பார், கலைச்செல்வன் வேறு வைத்துக் கொடுத்திருப்பான். அது அங்கேயே இருந்ததால் அவருக்குக் கேட்க ஒன்றும் இல்லை.

முதல் சில நாள் அவர் திறந்து பார்த்துவிட்டு மூடினார். பிறகு வேட்டி நுனியால் திரையைத் துடைத்தார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"பார்த்தா, நெட்டு இருக்கோல்லியோ?"

"இருக்கே. செய்தியெல்லாம் வரதே, பாருங்கோ."

"செய்தி வரது. பஞ்சாங்கம் மட்டும் பழசாவே இருக்கு."

"பஞ்சாங்கம் அப்படித்தான் அப்பா. வருஷத்துக்கு ஒரு தரம்தான் மாறும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. கேட்டால் பஞ்சாங்கத்துக்குள் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கு அப்போதே தெரிந்திருக்கலாம். தெரியாது என்றுதான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

கலைச்செல்வனுக்கு ஆள் அனுப்பினார். அவனை நான் வழியிலேயே பார்த்து, அப்பாவுக்குக் கண்ணில் கோளாறு, டாக்டர் கம்ப்யூட்டரே பார்க்கக் கூடாது என்றுவிட்டார், நீ வந்தால் பிடிவாதம் பிடிப்பார் என்றேன். வருத்தப்பட்டுக்கொண்டு போனான். கடைவரை நடக்க அப்பாவுக்கு முழங்கால் விடவில்லை.

ஆனால் எழுதுவதை அவர் நிறுத்தவில்லை. நகலிலும் அந்தப் பெட்டி இருந்தது. ஒற்றை விரலால் எழுத்துத் தேடித் தேடி 'படித்தேன்' என்று அடித்துவிட்டுக் காத்திருப்பார். அது எங்கும் போகாது. மறுநாள் பெட்டி காலியாக இருக்கும். மறுபடி அடிப்பார். அறைக்கு வெளியே நின்று அந்தத் தட்டல் ஓசையைக் கேட்பேன்.

அக்காவின் உண்மையான பக்கத்தை நான் என் போனில் படித்துவந்தேன். எல்லாரையும் விட ஒழுங்காகப் படித்தவன் நான்தான். 'வாசகர் ஐயாவைக் காணோமே' என்று எழுதினாள். பிறகு உடம்பு சரியில்லை என்று. பிறகு சமையல் குறிப்பே இல்லாமல், 'ஐயா, எனக்குப் பெரிய ஆபரேஷன் வைத்திருக்கிறார்கள். அதற்கு முன் ஒருமுறை ஊருக்கு வந்து வாசலில் நின்றுவிட்டுப் போக ஆசை. வரலாம் என்று நீங்கள் எழுத வேண்டாம். படித்தேன் என்று மட்டும் போடுங்கள். புறப்பட்டு வந்துவிடுவேன்' என்று.

நான் அதைப் படித்தபோது அப்பா பக்கத்து அறையில் சாத்தமுதின் முன்னால் உட்கார்ந்திருந்தார். எழுந்து போய்ப் போனை அவர் கையில் கொடுத்திருக்கலாம். நாலடி. அவள் வந்திருப்பாள். அவர் வாசலுக்கு வந்திருப்பார். இருவரும் அழுதிருப்பார்கள், நான் காபி கலந்திருப்பேன். அம்மா போன அன்று வாசலில் நின்றவன் எதற்காக நின்றான் என்று ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அந்தப் பெட்டியில் யார் எந்தப் பெயரை வேண்டுமானாலும் போடலாம், ஐசக். 'உத்திரமேரூர் வாசகர்' என்று போட்டேன். 'இங்கே அப்படி யாரும் இல்லை' என்று எழுதி அனுப்பினேன். எழுதியது நான். வார்த்தை அப்பாவுடையது. அவர் சொல்லிக்கொடுத்ததில் ஒரு எழுத்துக்கூட நான் கூட்டவில்லை.

அது அப்பா எழுதியதில்லை என்று தெரிந்து அவள் போயிருந்தால் உங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் அப்பா என்று நம்பித்தான் போனாள். ஆபரேஷன் மேஜையிலிருந்து அவள் திரும்பவில்லை என்று நீங்கள் அதே பக்கத்தில் போட்டதையும் படித்தேன். குளிக்கவில்லை. அவளுக்காக ஏற்கெனவே தலை முழுகியாயிற்று. அப்பாவிடம் சொல்லவுமில்லை. மகள் எங்கோ சௌக்கியமாகச் சாத்தமுது வைத்துக்கொண்டிருக்கிறாள் என்ற நினைப்போடுதான் அவர் கடைசிவரை இருந்தார். பெற்ற மகளின் சாவைக் கேட்காமல் போகிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

அம்மா நாமகிரி முதலில் போனாள். பத்மஜா புரட்டாசியில் போனாள். அப்பா தை மாதம் ஆசார்யன் திருவடி அடைந்தார். அன்று காலையிலும் பஞ்சாங்கத்தைத் திறந்திருந்தார். கலைச்செல்வன் கடையை மூடிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் போய்விட்டான். நீங்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். கணினி உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது, பார்க்க வேண்டுமானால் பார்க்கலாம். நான் இந்த வீட்டில் இருக்கிறேன். அப்பா மனம் நோக நடக்காத பிள்ளை நான் ஒருவன்தான்.