மெட்டு தெரியாத பாடகர்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில், தூங்குவதுபோல் நடித்து ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு உருப்படியாக வருகிற ஒரே கலை அதுதான்.

முன்சீட்டுப் பெரியவர் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னார்: "நாப்பது வருசமா மாதா கோயில்ல பாடுறேன். ஒரு பாட்டுக்கும் மெட்டு தெரியாதும்மா."

"அப்ப வாயை மட்டும் அசைச்சீங்களாக்கும்?"

"நாலு பேரு சேர்ந்து நாலு குரல்ல பாடுவோம். எனக்கு மெட்டுக்குக் கீழ ஓடுற அடிக்குரல் மட்டுந்தான். மெட்டு பாடுற சூசையும் நேத்து போயிட்டான். மிச்சம் நான் ஒருத்தன்தான். இன்னிக்கு அவன் அடக்கத்துல என்னையத் தனியா பாடச் சொல்றாங்க."

"எங்க, கொஞ்சம் பாடுங்கய்யா."

கனத்த குரலில் இரண்டு வரி பாடினார். பிறகு நிறுத்திவிட்டு, தொடையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

"மறந்துபோச்சுங்களா?"

"இரும்மா. இது சூசை பாடுற இடம்."