இரண்டு இழுப்பு

2024 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை. ஆம்பூரில் காலையில் தூறல், பின்னர் மேகமூட்டம், காற்று அறவே இல்லை.

இத்தகைய நாளில் தோல் தொழிற்சாலையின் நாற்றம் தரையோடு தங்கிவிடும். காவல் ஆய்வாளர் அவர்களே, தாங்கள் புதியவர். மூக்கைப் பொத்துவதில் தவறில்லை.

நான் அங்கு மேற்பார்வையாளர். நாற்பத்தெட்டாம் வயதில் அஞ்சல்வழியில் தத்துவத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவன். கடவுள் நல்லவராயின் தீமை ஏன் உளது என்னும் வினாவை முறையாக எழுப்பத் தெரிந்தவர் அவ்வளாகத்தில் வேறெவரும் இலர்.

ஜோசுவா கழிவுத்தொட்டியில் இறங்கிச் சேறு அள்ளுபவன். இறங்குபவன் இடுப்பில் கயிறு கட்டப்படும். மறுமுனையை மேலே ஒருவர் பிடிப்பார். கீழிருந்து இரண்டு இழுப்பு வந்தால் உடனே தூக்கவேண்டும். தாமதித்தால் நச்சுக்காற்று ஆளை விடாது. கயிறு பிடிப்பது கன்னியப்பனின் வேலை. நான் அதைத் தொட்டதே இல்லை.

ஜோசுவா ஒவ்வொரு முறையும் கண்மூடி ஜெபித்தே இறங்குவான். எல்லாம் வல்லவர் ஒருவர் இருப்பின் இத்தொட்டி ஏன் இருக்கிறது என்று வினவினேன்.

"அது எனக்கு இன்னா தெரியும்ணா. படிச்சவரு நீங்க, நீங்களே மண்டய ஒடச்சிக்குங்க."

ஆபத்தில் அவர் வருவாரா என்றேன்.

"வருவாரு. றெக்க கட்டிக்கினா வருவாரு? கயிறு புடிக்கிறவன் கையிலதாண்ணா வருவாரு."

சோதித்தறியத்தக்க கூற்று ஒன்றை அவன் மொழிந்தது அதுவே முதன்முறை. கன்னியப்பனைத் தேநீர் அருந்த அனுப்பிவிட்டுக் கயிற்றை நான் வாங்கிக்கொண்டேன். ஜோசுவா சிரித்தான்.

"இன்னிக்கு உங்க கைலயா வர்றாரு? செரி, போன் பாத்துக்கினு நிக்காதீங்க. எம் பொண்டாட்டி நிஷா கொழம்பு வெச்சி அனுப்பியிருக்கா, ஏறி வந்து துன்னணும்."

ஜெபித்தான், இறங்கினான்.

சற்று நேரத்தில் இரண்டு இழுப்பு வந்தது. நான் தூக்கவில்லை. வரவேண்டியவர் வருவதற்கு நான் இடையூறாக இருத்தல் ஆகாது. மீண்டும் இரண்டு வந்தது. அதன்பின் ஒன்று, மெதுவாக.

சோதனையில் நேர்ந்த சிறு பிழையையும் நேர்மையுடன் பதிவு செய்கிறேன். முதல் இழுப்பின்போதே என் கைகள் என்னைக் கேளாமல் கயிற்றை ஒரு முழம் மேலே இழுத்துவிட்டன. அது வெறும் பழக்கத்தின் விளைவு. அதற்கு வேறு பொருள் கிடையாது. கயிற்றைத் தூணில் சுற்றிக் கைகளை விடுவித்துக்கொண்டேன்.

எவரும் வரவில்லை. ஜோசுவாவின் கூற்று பொய்யென நிறுவப்பட்டது. அப்போது முற்பகல் பதினொன்று இருபது.