பூமயிலின் எடை

அந்தக் காரைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, கதவு எங்கே என்றுதான். நேற்று எங்கள் கொட்டகையில் வைத்து நீங்களும் அதையே கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர் அம்மா. நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பந்தயத்துக்கென்றே செய்த வண்டி அது. ஒரே ஆளுக்குத்தான் இடம். உட்காருவது என்றுகூடச் சொல்ல முடியாது; முதுகைச் சாய்த்து, கால்களை முன்னால் நீட்டிப் படுக்க வேண்டும். நான்கு சக்கரமும் உடம்புக்கு வெளியே நிற்கும். கூரை இல்லாததால் மேலிருந்துதான் உள்ளே இறங்க முடியும்.

பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கான போட்டிக்கு உரிய கார். எல்லாருக்கும் ஒரே மாதிரி வண்டி, ஒரே மாதிரி எஞ்சின். எஞ்சினுக்குப் போட்டி நடத்துகிறவர்களே சீல் வைத்துவிடுவார்கள். அதில் நம் கைவரிசையைக் காட்ட முடியாது.

வண்டி வேண்டும் என்று முதலில் கேட்டது என் மகள் பூமயில்தான். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். பதினோரு வயதில் எங்கள் மிளகாய்க் காட்டில் டிராக்டரை நேர்கோடு போட்டது மாதிரி ஓட்டுவாள். ஒரு கல்யாணத்துக்காகக் கோயம்புத்தூர் போனபோது அங்கே சின்னப் பந்தய வண்டியில் ஏற்றிவிட்டேன். இறங்கி வந்தவள் தலைக்கவசத்தைக் கழற்றாமலே சிரித்தாள். அங்கிருந்த பயிற்சியாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இந்தப் பிள்ளைக்குப் பயம் என்பது கையில் இல்லை என்றார். பரமக்குடிக்குத் தெற்கே எங்கள் ஊரில் அதுவரை யாரும் என்னிடம் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பழைய வண்டி ஒன்றை வாங்கி வந்தேன். அதைப் பார்த்துக்கொள்ள இராமேஸ்வரத்திலிருந்து இமானுவேல் வருவான். விசைப்படகு எஞ்சின் பார்க்கிற ஆள். எந்த எஞ்சினாக இருந்தாலும் காதை வைத்தே குறை சொல்லிவிடுவான். பூமயிலுக்கு இருக்கை செய்ததும் அவன்தான். அவளை வண்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் பையின் மேல் உட்காரவைத்து, பைக்குள் நுரை மருந்தை ஊற்றினான். அது பொங்கி அவள் முதுகின் அளவுக்கே இறுகியது. சூடாக இருக்கிறது என்று அவள் கூச்சலிட்டாள். அப்போது அவளுக்குப் பதினான்கு வயது முடிகிற நேரம். எடை நாற்பத்தோரு கிலோ.

அந்த வருடம் மூன்றாவது இடம் வந்தாள். பேப்பரில் படம் வந்தது. பொட்டப்பிள்ளைக்கு எதற்கு இதெல்லாம் என்று கேட்டவர்கள் தேநீர்க் கடையில் எனக்கு எழுந்து இடம் விட்டார்கள்.

அடுத்த வருடம் அவள் வளர்ந்துவிட்டாள்.

நான் குறையாகச் சொல்லவில்லை. ஒரே வருடத்தில் ஒரு சாண் உயரம். எடை ஐம்பத்து மூன்று. ஸ்டியரிங்கைத் திருப்பினால் முழங்கால் இடித்தது. இடுப்பு இருக்கையில் சிக்கியது. தலைக்கவசம், வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்கப் பின்னால் இருக்கும் இரும்பு வளையத்தின் உயரத்தைத் தொடுகிறது என்று போட்டி அதிகாரிகள் எச்சரித்தார்கள். போன வருடம் அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் முன்னால் போனார்கள்.

இமானுவேல் கைகளைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "அண்ணே, புள்ள வளந்துருச்சு. அடுத்த வகுப்புல பெரிய வண்டி இருக்கு. இதுக்குள்ள திணிக்காதீக."

அடுத்த வகுப்பில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இங்கேயோ கோப்பை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நான் பொறுமையாக யோசித்தேன். சட்டகத்தை மாற்றக் கூடாது, எஞ்சினைத் தொடக் கூடாது, சக்கரத்தை மாற்றக் கூடாது. அந்த வண்டியில் விதிக்கு உட்பட்டு மாற்றக்கூடியது அவள் ஒருத்திதான்.

எடை குறைவது எனக்குப் பழகிய விஷயம். நூறு கிலோ மிளகாய்ப் பழத்தைக் களத்தில் பரப்பினால் முப்பது கிலோ வற்றல் வரும். பயிருக்குத் தண்ணீரை நிறுத்தினால் உயரம் அதோடு நிற்கும், ஆனால் சாகாது. தண்ணீருக்காக வானத்தைப் பார்க்கிற எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

காலையில் இரண்டு இட்லி, பிறகு ஒன்று. மதியச் சோற்றை நிறுத்தினேன். சாயங்காலம் வெள்ளரிக்காயும் மோரும். தினமும் காலை ஆறு மணிக்குக் கொட்டகையில், மிளகாய் மூட்டை நிறுக்கிற தராசில் அவளை ஏற்றி நிறுத்துவேன். அடுக்களைச் சாவி என் இடுப்பில் இருந்தது. அடித்தேனா என்று கேட்டீர்கள். ஒரு நாளும் இல்லை. வீட்டில் யாரையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் மனைவி முருகலட்சுமி ஒரு நாள் கொட்டகை வாசலில் வந்து நின்றாள். "மூணு மாசமா புள்ள வீட்டுக்குத் தூரமாகலைங்க. சீப்புல கொத்துக் கொத்தா முடி வருது."

"ஓட்டப்பந்தயக்காரப் புள்ளைகளுக்கும் அப்படித்தான். போன்ல போட்டிருக்கு" என்றேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியலைங்க. நீங்க பாத்துச் செய்யுங்க."

அவள் எட்டாவது வரைதான் படித்தவள். என்னை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. அன்று நான் போன பிறகும் அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்ததை இமானுவேல் பார்த்திருக்கிறான். எதற்காக நின்றாள் என்று எனக்குத் தெரியாது.

பள்ளிக்கூடத்தில் பிரார்த்தனையின்போது பூமயில் விழுந்துவிட்டாள் என்று தகவல் வந்தது. அதன் பிறகு நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்தேன்.

ஒரு நாள் மத்தியானம் மாட்டுக்கொட்டிலில் அவளைப் பார்த்தேன். மாட்டுக்கு வைத்திருந்த கடலைப் புண்ணாக்கை உடைத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் மெல்லுவதை நிறுத்திவிட்டாள். துப்பவும் இல்லை, விழுங்கவும் இல்லை. நான் திட்டவில்லை. குழாயடிக்குக் கூட்டிப்போய் வாயைக் கழுவிவிட்டேன். என் விரலாலேயே பல்லிடுக்கில் இருந்ததையும் எடுத்தேன். சின்னப் பிள்ளையாக இருந்தபோது மண் தின்றால் அப்படித்தான் எடுப்பேன்.

அப்போதுதான் சொன்னாள்: "அய்யா, இந்த வருசத்தோட போதும்யா. நான் பள்ளிக்கூடம் போறேன்."

"இன்னும் ரெண்டு ரேஸ்தான் இருக்கு தாயி. அப்புறம் ஒன் இஷ்டம்."

"சரிய்யா."

அவள் சம்மதித்தாள். கட்டாயப்படுத்தியதாக முருகலட்சுமி எழுதிக் கொடுத்திருப்பது சரியல்ல. அன்றைக்கே கொட்டிலுக்கும் ஒரு பூட்டு வாங்கினேன். அவள் மறுபடி அப்படித் தலைகுனிந்து நிற்க நேரக் கூடாது என்பதற்காக.

நாற்பத்து நான்கில் எடை நின்றுவிட்டது. ஒரு வாரம் போயும் இறங்கவில்லை. எனக்கு இரத்த அழுத்தத்துக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை ஒன்று உண்டு. உடம்பில் இருக்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றும். அதில் பாதியைப் பொடித்து அவளுடைய மோரில் கலந்தேன். இரண்டே நாளில் ஒன்றரை கிலோ இறங்கியது. அவளிடம் சொல்லவில்லை. தெரிந்தால் வீணாகப் பயப்படுவாள். பிறகு முழு மாத்திரை. மூன்று வாரம் கொடுத்தேன். கால் பிடித்துக்கொள்கிறது, நெஞ்சு படபடக்கிறது என்றாள். போட்டி நெருங்கினால் யாருக்கும் படபடக்கும்தானே.

தொண்டிக்குத் தெற்கே மூடிக் கிடக்கும் இறால் பண்ணை ஒன்றுக்குள் ஒன்றரை கிலோமீட்டர் சிமெண்ட் சாலை போகிறது. பயிற்சிக்கு அங்கேதான் போவோம். அன்று மே மாதம் பதினாறாம் தேதி. காலை பத்து மணிக்கே கண் கூசியது. தீப்பிடிக்காத அந்தக் கனத்த உடுப்பை மாட்டிக்கொண்டு பூமயில் வண்டிக்குள் இறங்கினாள். இருக்கை அவளுக்கு அருமையாகப் பொருந்தியது. இன்னும் சொல்லப்போனால், பக்கவாட்டில் கொஞ்சம் இடம்கூட இருந்தது.

"அய்யா, ஒரு வாய் தண்ணி."

"முடிச்சுட்டு வந்து குடிக்கலாம்."

இமானுவேல் பாட்டிலை எடுத்தான். நான் அவனைப் பார்த்தேன். கீழே வைத்துவிட்டான்.

ஆறாவது ஓட்டத்தில், முடிவுக் கோட்டைத் தாண்டிய பிறகு வண்டி மெதுவாகச் சாலையை விட்டு இறங்கி, காய்ந்த குட்டையின் கரையில் போய் நின்றது. எதிலும் மோதவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. நான் முதலில் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். அந்தச் சாலையில் அவள் எடுத்த மிகக் குறைந்த நேரம் அதுதான். நான் போய்ச் சேர்வதற்குள் இமானுவேல் வார்களை அவிழ்த்துவிட்டான். அந்த வண்டியிலிருந்து ஒருவரை வெளியே எடுக்க இரண்டு பேராவது வேண்டும். அவன் ஒருவனே அவளைத் தூக்கிவிட்டான். தூக்கியவன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

பக்கத்தில் இருந்த சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவளுக்கு நினைவு திரும்பியது. அதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். என் விரலைப் பிடித்துக்கொண்டாள். வெயில் மயக்கமாக இருக்கும் என்று டாக்டர் குளுக்கோஸ் ஏற்றினார். வயதில் சின்னவர், மலிகா என்று பெயர். ஆனால் நாடியைப் பிடித்துப் பார்த்தவருக்கு ஏதோ சரியாகப் படவில்லை. இரத்தத்தை எடுத்து இராமநாதபுரத்துக்கு அனுப்பினார். முடிவு வர இரண்டு மணி நேரமாகும் என்றார்.

"இவங்க மாத்திரை ஏதாவது சாப்பிடுறாங்களா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன்.

பூமயிலிடம் கேட்டார். அவளும் இல்லை என்றாள். அவள் பொய் சொல்லவில்லை.

சிறிது நேரம் கழித்து அவர் மறுபடி வந்தார். இந்த முறை என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போனார். "எடை குறைக்க, தண்ணி போறதுக்கு, எதுவா இருந்தாலும் பரவாயில்லை. சொல்லுங்க. அதுக்குத் தக்கபடி நான் மருந்தை மாத்தணும்." என் சட்டைப்பையில் அந்த மாத்திரை அட்டை இருந்தது. இல்லை என்றேன். மூன்றாவது முறையும் கேட்டார். அப்போதும் இல்லை என்றேன். இரத்தப் பரிசோதனை முடிவு வருவதற்கு இருபது நிமிடம் முன்பு, ஒன்றே முக்கால் மணிக்கு, பூமயிலின் இதயம் நின்றுவிட்டது.

ஏன் சொல்லவில்லை என்று நேற்றிலிருந்து கேட்கிறீர்கள். உங்களுக்கு இந்த விளையாட்டின் விதி தெரியாததால் கேட்கிறீர்கள். அந்த மாத்திரை தடை செய்யப்பட்டது. ஆஸ்பத்திரிச் சீட்டில் அது ஏறியிருந்தால் அவளை இரண்டு வருடம் வண்டியில் ஏறவே விட்டிருக்க மாட்டார்கள். பதினாறு வயதுப் பிள்ளைக்கு இரண்டு வருடம் என்பது எவ்வளவு பெரிய இழப்பு. பெற்ற தகப்பனாக இருந்துகொண்டு அதை அவளுக்குச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.