ஜெர்மன் துரையின் பித்தளை எஞ்சின்

சாயங்காலம் ஆறரை மணி. சோளக்காடு என்ற மலையூரிலிருந்து பெரக்கரை நாட்டுப் பக்கம் போகும் ஒற்றையடிப் பாதை. பனி இறங்கிவிட்டது. முன்னும் பின்னும் ஆள் இல்லை... விளக்கைக் கொஞ்சம் தூண்டிவிட்டு, கிட்ட வந்து உட்காருங்கள்.

நடந்து வந்தவர் பழனிமுத்து. என் சிநேகிதி மயிலம்மாளுடைய பெரியப்பா. தோளில் ஒரு சாக்கு. அதற்குள் இருந்தது திருட்டுப் பொருள்.

ஐம்பத்தெட்டாம் வருடம் அது. மலையில் பாக்சைட் கல் பார்க்க வந்த ஒரு ஜெர்மன் துரைக்குப் பழனிமுத்துதான் சமையல், காவல் எல்லாம். துரையின் மேசையில் முழ நீளத்தில் ஒரு ரயில் எஞ்சின் நிற்கும். அவருடைய தாத்தா அவர்கள் ஊரில் ஓட்டிய நீராவி எஞ்சினை, அச்சு மாறாமல், பித்தளையில் துரையே செய்தது. தண்ணீர் ஊற்றி, அடியில் ஸ்பிரிட் விளக்கைக் கொளுத்தினால் ஓடும். வெள்ளிக்கிழமைதோறும் புளி போட்டுத் துலக்குவது பழனிமுத்து. கொளுத்துவது மட்டும் துரை. புத்தகத்தில் தமிழ் படித்தவர். தீக்குச்சியைக் கிழிக்கும் முன்னால் கேட்பார்:

"பழனி, தண்ணீர் ஊற்றினாயா?"

"ஊத்திட்டனுங்க."

காய்ச்சலில் துரை போய்ச் சேர்ந்தார். மலையிலேயே புதைத்தார்கள். செத்தவர் பிரியமாக வைத்திருந்ததை மஞ்சள் துணியில் கட்டிக் குழிமேட்டில் வைப்பது அந்த ஊர் வழக்கம். அப்புறம் யாரும் அவிழ்க்க மாட்டார்கள். பழனிமுத்து கட்டி வைத்தது ஒரு பலாக்கட்டையை. எஞ்சினைப் பங்களா விறகுக்குள் ஒளித்துவிட்டார். ஒரே ஒரு தடவை தன் கையால் கொளுத்திப் பார்க்க வேண்டும்... அவ்வளவுதான் ஆசை.

பதினாறாம் நாள் அதை வீட்டுக்குத் தூக்கி வந்தார்.

பாதி வழியில் ஸ்பிரிட் வாடை. அப்புறம் முதுகில் சூடு. சக்... சக்... சக்... சாக்குக்குள்ளிருந்துதான்.

காதோரம் ஒரு குரல்.

"பழனி, தண்ணீர் ஊற்றினாயா?"

மூன்று வருடப் பழக்கம். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"ஊத்திட்டனுங்க."

"இல்லை. தொட்டுப் பார்."

சாக்கை இறக்கி, கையை உள்ளே விட்டார். சுர்ர்...

வீட்டில் பெண்சாதி சின்னாயி அவர் கையைப் பார்த்தாள்.

"என்னங்க இது?"

"அடுப்புல பட்டுருச்சு."

"நீங்க என்னைக்குங்க நம்மூட்டு அடுப்புகிட்டப் போனீங்க?"

எல்லாவற்றையும் சொன்னார். அவள் திட்டக்கூட இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"ஊரைக் கூட்டிச் சொல்லீருங்க" என்றாள். "இல்லீனா நாஞ் சொல்லுவேன்."

விடிந்ததும் குழிமேட்டில் ஊர் கூடியது. பழனிமுத்து நிமிரவே இல்லை.

"துரையோட எஞ்சின நாந்தானுங்க எடுத்தேன். அந்தத் துணியில இருக்கறது கட்டைங்க."

ஊர்த் தலைவர், ஊர்க்கவுண்டர் வேலப்பன் மஞ்சள் துணியை அவிழ்த்தார்.

உள்ளே எஞ்சின்.

பழனிமுத்து கொண்டு வந்த சாக்கைக் கவிழ்த்தார்கள். பலாக்கட்டை விழுந்தது.

"ஏனப்பா, வெறகுக் கட்டையத் திருடுனதுக்கா ஊரக் கூட்டுன?"

"ராத்திரி எந்தப் பானைச் சாராயமோ!"

சிரிப்பு. திருடியபோதுகூட அவர் அப்படிக் குறுகிப் போனதில்லை. கண் கலங்கக் கையை நீட்டினார்.

"நெசமாலுமே நாந்தானுங்க... இதப் பாருங்க."

உள்ளங்கையில் வெந்த புண். கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாகத் திரும்பிய மூன்று எண்கள். நாலு, ஒன்று, ஏழு. எஞ்சினின் விலாவில் அதே எண் புடைத்து நிற்கும் தகடு ஒன்று உண்டு. துரையிடம் கல் சுமந்தவர்கள் எல்லோரும் பார்த்ததுதான்.

கவுண்டர் குனிந்து அந்தத் தகட்டை விரலால் தடவினார். சிரிப்பு நின்றுவிட்டது.

தகடு வழுவழுவென்று இருந்தது... ஒரு எண்கூட இல்லாமல்.